கிளட்ச் ஃப்ளூயிட்: டப்பாவை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்

கேள்வி இதுதான்: "மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். ரெட் லைன் (எஞ்சின் சுழலும் வேகத்தின் மேல் எல்லை) பக்கம் போய் வேகமாக கியர் மாற்றினால், கிளட்ச் பெடல் சில நேரம் கீழேயே ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிவிடுகிறது. பானெட்டுக்குள் கிளட்ச் ஃப்ளூயிட் ஊற்றி வைக்கும் டப்பாவில் ஃப்ளூயிட் சுத்தமாகத்தான் தெரிகிறது, அளவும் இருக்கிறது. கிளட்ச் ஃப்ளூயிடை மாற்றத் தேவையே இல்லை என்கிறார் ஒரு மெக்கானிக். மாற்ற வேண்டுமா? வீட்டிலேயே செய்யலாமா?"

மாற்ற வேண்டும். வீட்டிலேயே செய்யலாம், கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. டப்பாவில் சுத்தமாகத் தெரிவதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கிளட்ச் லைனில் அழுக்கு சேர்வது அடிமுனையில். அங்கே இருப்பது மேலே டப்பாவுக்கு வந்து முகம் காட்ட நாளாகும். வந்துவிட்டால், கீழே நிலைமை ஏற்கெனவே மோசம் என்று அர்த்தம்.

ஏன் அப்படி? பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஃப்ளூயிடைத் தள்ளுகிறது. அது லைன் வழியாகப் போய் கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, ரிலீஸ் பேரிங் என்ற வளையம் பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கும் தட்டு) ஸ்பிரிங் விரல்களை அமுக்க, கிளட்ச் விடுபடுகிறது. காலை எடுத்தால் அதே ஃப்ளூயிட் அதே வழியில் திரும்பி வருகிறது. சுற்றி ஓடுவது கிடையாது. முட்டுச் சந்துக்குள் போய்விட்டு அப்படியே ரிவர்ஸில் வருவது மாதிரிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்கு நகரும் ஃப்ளூயிட் சுமார் 8.5 மில்லி. லைனின் உள் விட்டம் 5 மி.மீ. என்றால் அந்த 8.5 மில்லி குழாய்க்குள் அரை மீட்டர்கூட நகராது. அப்புறம் திரும்பிவிடும். ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருப்பது டப்பாவை எட்டிப் பார்க்க வழியே இல்லை. லேசாகக் கலப்பது உண்டு, அவ்வளவுதான். நடுவிலோ பின்னாலோ எஞ்சின் இருக்கும் கார்களில் லைன் இன்னும் நீளம் என்பதால் அந்தக் கலப்பும் குறைவு.

கீழே என்ன நடக்கிறது என்றால், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் சீல் முன்னும் பின்னும் உரசித் தேய்ந்து நுண்ணிய கறுப்புத் துகளாக ஃப்ளூயிடில் கலக்கிறது. கிளட்ச் பிளேட்டிலிருந்து பறக்கும் தூசி பெல் ஹவுசிங்குக்குள்ளேயே (கிளட்சை மூடியிருக்கும் கூடு) சுற்றுவதால், சீலின் வெளி உதட்டில் ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. மூன்றாவது ஈரம். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் பொதுவாக ஊற்றும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் இறங்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அதற்கான வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140.

சாதாரண காரில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஸ்போர்ட்ஸ் காரில்தான் சூடு என்று ஒன்று வந்து சேர்கிறது. லைனுக்குப் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் போகும். பல கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு வெளியே இல்லாமல், கியர் பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் தண்டைச் சுற்றி வளையமாக பெல் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கிளட்சின் சூடு அதையும் சேர்த்துத் தாக்கும். நிஸான் 370இசட், கார்வெட் சி5, சி6 எல்லாம் இந்த அமைப்புதான். பிரஷர் பிளேட்டும் கடினமானது என்பதால் லைனில் அழுத்தமும் அதிகம்.

உங்கள் பெடல் ஏன் கீழேயே நிற்கிறது என்பதற்கு இப்போது வரலாம். பெடலை மேலே தள்ளுவது பெரும்பாலும் பெடலில் இருக்கும் ஸ்பிரிங் இல்லை. பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஸ்லேவ் பிஸ்டனைத் திருப்பித் தள்ள, அந்த அழுத்தம்தான் ஃப்ளூயிட் வழியாக வந்து பெடலைத் தூக்குகிறது. பெடல் மாட்டியிருக்கும் இடத்தில் உள்ள உதவி ஸ்பிரிங், பெடல் பாதிக்குக் கீழே போனதும் அதைக் கீழ்ப்பக்கமே இழுக்கும். கால் வலிக்காமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஃப்ளூயிடில் காற்றோ ஆவியோ சேர்ந்தால், திருப்பித் தள்ளும் விசையை அந்தக் குமிழியே விழுங்கிவிடும். உதவி ஸ்பிரிங் ஜெயித்துவிடும், பெடல் கீழே தங்கிவிடும். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் சரியாவது இந்தச் சந்தேகத்தை வலுவாக்குகிறது. ஆனால் இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள் கசிந்தாலும் இதே அறிகுறிதான். உள்பக்கம் உப்பி அடைத்துப்போன பழைய ரப்பர் ஹோஸ், இறுகிய ஸ்லேவ் பிஸ்டன், மிக அதிக ஆர்பிஎம்மில் பிரஷர் பிளேட்டின் விரல்கள் சுழல்விசையால் சரியாகத் திரும்பாதது, எல்லாமே வாய்ப்பு உள்ளவை. ஃப்ளூயிட் மாற்றுவது இவற்றில் மலிவானது, எளிதானது. அதனால் அங்கிருந்து தொடங்குவது நியாயம்.

முதலில் சோதனை. டப்பா எது என்று கண்டுபிடியுங்கள். மஸ்டா மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறை, நிஸான் 350இசட், 370இசட், கார்வெட் இவற்றில் கிளட்சுக்கு என்று தனியாகச் சின்ன டப்பா இருக்கும். போர்ஷே 911 கரேரா, பிஎம்டபிள்யூ எம்3 போன்றவற்றில் பிரேக் டப்பாவேதான். அதன் பக்கவாட்டில் சற்று மேலேயிருந்து ஒரு ரப்பர் டியூப் பிரிந்து கிளட்ச் மாஸ்டருக்குப் போகும். அந்த டியூப் மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு. கிளட்ச் லைன் முழுக்க ஒழுகிப்போனாலும் பிரேக்குக்கான ஃப்ளூயிட் அடியில் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான்.

தனி டப்பா உள்ள கார்களில் அளவு சொல்லும் சேதி பலருக்குத் தெரியாது. பிரேக் பேட் தேயத் தேய பிரேக் டப்பாவில் அளவு குறையும். கிளட்சில் தலைகீழ். கிளட்ச் பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கம் நகர்ந்து வந்து ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும். அதனால் ஃப்ளூயிட் கொஞ்சம் மேலே ஏறி டப்பாவுக்கு வந்துவிடும். ஆகவே, யாரும் ஊற்றாமலேயே அளவு மெல்ல ஏறியிருந்தால் அது கிளட்ச் தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. தேய்மானத்தைத் தானே சரிக்கட்டும் பிரஷர் பிளேட் உள்ள கார்களில் அளவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஆனால் குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. புது கிளட்ச் பிளேட் போட்ட சமயம் தவிர அதற்கு வேறு விளக்கமே கிடையாது. குறைந்ததைப் பார்த்ததும் கொஞ்சம் ஊற்றி மூடிவைப்பது, ஒழுகலை ஒளித்துவைக்கும் வேலை.

ஒழுகலைத் தேட மூன்று இடம். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, கிளட்ச் பெடலின் தடி ஃபயர்வாலுக்குள் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள்; கார்ப்பெட்டின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழவழவென்று இருந்தால் மாஸ்டரின் பின் சீல் போய்விட்டது. அடுத்தது ஸ்லேவ் சிலிண்டர். வெளியே மாட்டியிருக்கும் வகை என்றால், பிஸ்டன் தடியைச் சுற்றியுள்ள ரப்பர் பூட்டின் விளிம்பைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் தூக்குங்கள். லேசான ஈரக்கசிவு இருந்தாலே அது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். உள்ளே தேங்கியிருந்தது சொட்டினால் உடனே மாற்ற வேண்டியதுதான். பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் வகை என்றால் பூட்டைப் பார்க்க முடியாது. பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே நிற்பது எஞ்சின் ஆயிலாகவும் இருக்கலாம், கியர் ஆயிலாகவும் இருக்கலாம். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் இருக்கும். பிரேக் ஃப்ளூயிட் தண்ணீர் பட்டதும் கரைந்து போய்விடும், எஞ்சின் ஆயில் திரண்டு மிதக்கும். ஒரு துணியில் ஒற்றித் தண்ணீரில் நனைத்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் பெடலை வைத்து இரண்டு சோதனை. சமதரையில் எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுக்க மிதித்து நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கறகறவென்று பல் உரசினால் கிளட்ச் முழுக்க விடுபடவில்லை. அடுத்து, முன்னால் இடம் விட்டு நின்று, முதல் கியரில் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே ஒரு நிமிஷம் பிடியுங்கள். வலது கால் பிரேக்கின் மேலேயே தயாராக இருக்கட்டும். கால் அசையாமலேயே கார் மெல்ல நகரத் தொடங்கினால் அழுத்தம் எங்கோ நழுவுகிறது. வெளியே ஈரம் எதுவும் இல்லை, ஆனாலும் நகர்கிறது என்றால் மாஸ்டருக்குள்ளேயே சீலைத் தாண்டிப் போகிறது. இந்த இரண்டாவது சோதனையில் தோற்ற காருக்கு ஃப்ளூயிட் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, மாஸ்டரை மாற்றுங்கள்.

ஃப்ளூயிடின் உண்மை நிலையைப் பார்க்க ஒரே வழி, கீழே ஸ்லேவ் பக்கம் இருக்கும் ப்ளீடர் நிப்பிளிலிருந்து (ஃப்ளூயிடையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) முதல் 10 மில்லியை எடுத்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் விட்டுப் பார்ப்பது. பேனா மாதிரி வரும் ஈரம் பார்க்கும் கருவியை டப்பாவில் முக்கினால், டப்பாவில் இருப்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்த 10 மில்லி கறுப்பாக வந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். கிளாஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, அடியில் துகள் தங்குகிறதா என்றும் பாருங்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் வயசு. விரலில் தேய்த்தால் கறுப்பாக ஒட்டும் துகள் இருந்தால் சீல் கரைகிறது.

எந்த ஃப்ளூயிட் என்பதில் தப்புப் பண்ணினால் மற்ற எல்லாம் வீண். மூடியின் மேல் எழுதியிருப்பதுதான் வேதம். டாட் 4 என்றிருந்தால் டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றலாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் டாட் 5 வேறு சாதி. அது சிலிக்கான், கிளைக்காலோடு கலக்காது, உள்ளே காற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குழப்பத்துக்குக் காரணமானவர்கள் எண் வைத்தவர்கள்தான், வாங்குகிறவர்கள் இல்லை. சில கார்களில் பிரேக் ஃப்ளூயிடுக்குப் பதில் ஹைட்ராலிக் ஆயில் வகை வரும். போர்ஷே 996 டர்போவில் கிளட்சுக்கு உதவி விசை பவர் ஸ்டியரிங் அமைப்பிலிருந்து வருகிறது, அங்கே ஊற்றுவது பென்டோசின் என்ற ஹைட்ராலிக் ஆயில். அந்த மாதிரி காரில் பிரேக் ஃப்ளூயிடை ஊற்றினாலும், சாதாரண காரின் கிளட்சில் பவர் ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஒரு மூடி ஊற்றினாலும், ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும். பிறகு கழுவிச் சரிசெய்ய முடியாது. சீல், ஹோஸ் எல்லாம் புதுசு போட வேண்டியதுதான். டப்பா பிரேக்கோடு பொதுவானது என்றால் பிரேக்கும் சேர்ந்து போகும்.

டிராக்கில் ஓட்டுகிறவர்கள் 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ரேஸிங் ஃப்ளூயிட் போடுவார்கள். உங்களுடையது சாலையில் ஓடும் கார் என்றால் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது தேவையில்லை என்பேன். நல்ல டாட் 4 ஒன்றைப் புதிதாக, நேரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அது பழைய ரேஸிங் ஃப்ளூயிடை விட மேல். ஒரு காலத்தில் ஏடிஇ (ATE) என்ற பிரேக் பாக நிறுவனம் நீல நிற ஃப்ளூயிட் ஒன்று விற்றது. ஒரு தடவை நீலம், அடுத்த தடவை மஞ்சள் என்று மாற்றி மாற்றி ஊற்றினால், பழையது முழுக்க வெளியேறிவிட்டதா என்பது டியூபைப் பார்த்த நொடியே தெரிந்துவிடும். அமெரிக்க விதி டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் நிறமற்றது முதல் அம்பர் மஞ்சள் வரையிலான நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால் அங்கே அந்த நீலம் கடையிலிருந்து போய்விட்டது. நல்ல யோசனை, சட்டத்தில் அடிபட்டது.

தேவையான சாமான்: சீல் உடைக்காத அரை லிட்டர் ஃப்ளூயிட், நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மி.மீ.), நிப்பிளில் இறுக்கமாக ஏறும் ஒளிபுகும் டியூப், ஒரு பாட்டில், பெரிய சிரிஞ்சு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், இந்த ஃப்ளூயிட் பெயின்ட்டைத் தின்னும். ஒரு சொட்டு பானெட் விளிம்பில் விழுந்தாலும் துடைக்காதீர்கள், தேய்த்தால் இன்னும் பரவும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அதே வைத்தியம், அப்புறம் டாக்டர். காரை ஜாக்கியில் தூக்கினால் ஜாக் ஸ்டாண்டில் இறக்கி வைத்த பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேலையே ஓடாது. எஞ்சினும் எக்ஸாஸ்டும் ஆறியிருக்கட்டும்.

மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். சிரிஞ்சால் டப்பாவிலுள்ள பழையதை உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்திருக்கும் கசடையும் பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, புதியதை நிரப்புங்கள். பழையதை லைன் வழியாகவே கீழே தள்ளிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பொது டப்பா என்றால் கவனம்: பிரேக் மாஸ்டருக்குப் போகும் துளைகள் வெளியே தெரியுமளவுக்கு உறிஞ்சிவிடாதீர்கள். அங்கே காற்று நுழைந்தால் ஏபிஎஸ் யூனிட் வரை போய்ச் சிக்கிக்கொள்ளும். கிளட்சுக்காக ஆரம்பித்த வேலை பிரேக்கில் போய் முடியும்.

நிப்பிளைக் கண்டுபிடிப்பது காருக்குக் கார் வேறு. வெளியே மாட்டிய ஸ்லேவ் என்றால் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் வகையில், பெல் ஹவுசிங்கிலிருந்து ஒரு குழாய் வெளியே நீட்டி அதன் முனையில் நிப்பிள் இருக்கும். சிலவற்றில் திருகும் நிப்பிளே கிடையாது. கிளிப்பை நகர்த்தி லைனை ஒரு கிளிக் வெளியே இழுத்தால் பக்கவாட்டுத் துளையில் ஃப்ளூயிட் வரும். ரப்பர் மூடியைக் கழற்றி, துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள். முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டிவிட்டு அதன் மேல் டியூபை ஏற்ற வேண்டும்; மாற்றிச் செய்தால் டியூபை மறுபடி கழற்ற நேரும். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேலே ஏறி வளைந்து அப்புறம் பாட்டிலுக்கு இறங்கட்டும். பாட்டிலில் முன்கூட்டியே கொஞ்சம் ஃப்ளூயிட் விட்டு டியூபின் முனையை அதில் மூழ்க வையுங்கள்.

இப்போது ஆள் தேவை. ஒருவர் சீட்டில், ஒருவர் அடியில். சீட்டில் இருப்பவர் பெடலை மெதுவாக, ஒரே சீராக மிதித்து "மிதிச்சாச்சு" என்று குரல் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அடியில் இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவார். ஃப்ளூயிட் வரும், பெடல் தரையைத் தொடும். பெடல் கீழே இருக்கும்போதே நிப்பிளை இறுக்கிவிட்டு "விடு" என்ற பிறகுதான் பெடல் மேலே வர வேண்டும். இந்த வரிசை ஒரு தடவை தவறினாலும் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே போகும். பிரேக்கில் ஏர் எடுத்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிளட்ச் பெடல் தானாக மேலே வராது. உதவி ஸ்பிரிங் கீழே பிடித்துக்கொள்ளும். கால் விரலைப் பின்னால் கொடுத்தோ கையாலோ மெதுவாகத் தூக்கி, மாஸ்டர் நிரம்ப மூன்று விநாடி பொறுத்து அடுத்த மிதி. படபடவென்று மிதித்தால் ஃப்ளூயிட் நுரைத்துவிடும். ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். சின்னத் தனி டப்பா என்றால் மூன்று மிதிக்கே பார்க்க வேண்டும். நினைப்பதை விட வேகமாகக் காலியாகும்.

டியூபைக் கவனிப்பதுதான் இந்த வேலையின் சுவாரசியமான பகுதி. முதல் மிதியில் வருவது ஸ்லேவுக்குள் கிடந்தது: கறுப்பு, டியூபின் சுவரிலேயே பொடி ஒட்டும். இரண்டாவது, மூன்றாவது மிதியில் கலங்கிய சாம்பல் நிறம். அப்புறம் லைனில் இருந்த பழுப்பு நீளமாக வரும், நடுவில் ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு குமிழி ஓடும். கடைசியில் பாட்டிலில் வாங்கிய அதே வெளிர் மஞ்சள். சரி, முடிந்தது என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள். நிப்பிளை மூடி, பெடலைப் பத்து தடவை முழுக்க மிதித்து விட்டுவிட்டு மறுபடி திறந்தால், பெரும்பாலும் இன்னொரு சின்னக் கறுப்பு வரும். ஸ்லேவின் மூலையில் ஒதுங்கியிருந்தது பிஸ்டன் நகர்ந்ததும் கிளம்புகிறது. அதுவும் தெளிந்த பிறகு நிறுத்துங்கள். முன்னால் எஞ்சின் உள்ள காருக்கு 200 முதல் 250 மில்லி போதும். நடு எஞ்சின், பின் எஞ்சின் என்றால் கூடவே ஆகும்.

ஆள் கிடைக்காதவர்கள் டப்பாவில் அழுத்தம் கொடுக்கும் ப்ளீடரைப் பயன்படுத்தலாம். 1 பார் அழுத்தம் தாராளம், அதற்கு மேல் ஏற்றினால் பிளாஸ்டிக் டப்பாவும் மூடியும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். நிப்பிள் பக்கம் உறிஞ்சும் வாக்குவம் பம்ப் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நிப்பிளின் மரை வழியாக வெளிக் காற்றையே உறிஞ்சி டியூபில் குமிழி காட்டிக்கொண்டே இருக்கும். லைனில்தான் காற்று இருக்கிறது என்று நினைத்து அரை லிட்டரும் தீரும்வரை இழுத்துக்கொண்டிருப்பார்கள். சிரிஞ்சால் கீழேயிருந்து மேலே தள்ளும் முறை, சிக்கிய காற்றை எடுக்க அருமையானது, காற்று இயல்பாகவே மேலே போகும் பொருள். ஆனால் அழுக்கு ஃப்ளூயிடை மாற்ற அது ஆகாது. கீழே இருக்கும் கறுப்பை எல்லாம் மாஸ்டருக்குள் கொண்டுபோய் விடுவீர்கள்.

கார்வெட் சி5, சி6 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நிப்பிள் மேலே இடுக்கில் எங்கோ இருப்பதால், டப்பாவை சிரிஞ்சால் காலிசெய்து புதியது நிரப்பி, பெடலை முப்பது தடவை போல மிதித்து, கலங்கியதும் மறுபடி காலிசெய்து நிரப்பி, தெளியும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். இது மாற்றுவது இல்லை, நீர்க்கச் செய்வது. கலப்பை நம்பிய வேலை என்பதால் பல நாள் எடுக்கும். ஆனாலும் பெடல் ஒட்டுவது கணிசமாகக் குறைகிறது என்பது அந்தக் கார்க்காரர்களின் அனுபவம். நிப்பிள் கைக்கு எட்டும் காரில் இதை நாட வேண்டிய அவசியமே இல்லை.

எவ்வளவு எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், வெளி ஸ்லேவ் உள்ள காரில் ஒரு உத்தி. ஸ்லேவைக் கழற்றி, லைன் மாட்டியபடியே, நிப்பிள் உச்சியில் வரும்படி சாய்த்துப் பிடித்து, பிஸ்டனை மெதுவாக முழுக்க உள்ளே தள்ளிப் பிடித்தபடி, பெடலை மிதிக்காமல் டப்பாவில் அழுத்தம் கொடுக்கும் ப்ளீடரை வைத்து ஏர் எடுங்கள். பழைய பிஎம்டபிள்யூகளில் இது நன்றாகவே வேலை செய்யும். கழற்றிய நிலையில் யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே துள்ளி விழுந்துவிடும். லைனில் டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் சின்னப் பாகம்) உள்ள கார் என்றால் அதற்குத் தனி நிப்பிள் இருக்கிறதா என்று பாருங்கள். அதை மறந்தால் காற்று அங்கேயே தங்கும்.

நிப்பிளை இறுக்குவதில் வீரம் காட்ட வேண்டாம். உள்ளே துளை போட்ட சின்ன ஸ்க்ரூ அது, பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் வட்டாரம்தான். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ரப்பர் மூடியைத் திரும்பப் போட்டு, தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள், பிறகு ஈரம் தெரிந்தால் அது புதிய கசிவு என்று புரியும். டப்பாவை மேல்கோடு வரை நிரப்பாமல் சற்றுக் கீழே நிறுத்துங்கள். கிளட்ச் தேயும்போது ஏறி வருவதற்கு இடம் வேண்டுமே.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். கிளட்ச் பிடிக்கும் இடம் தாழ்வாகத் தெரிகிறது என்று பெடல் தடியின் நட்டைத் திருகி நீட்டுவது. பெடல் முழுக்க மேலே இருக்கும்போது மாஸ்டரின் பிஸ்டனும் முழுக்கப் பின்னால் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை திறந்திருக்கும். அதற்காகத்தான் பெடல் உச்சியில் லேசான தளர்வு விட்டிருக்கிறார்கள். தடியை நீட்டி அந்தத் தளர்வை எடுத்துவிட்டால் துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் ஃப்ளூயிடுக்குப் போக்கிடம் இல்லாமல் லைனில் அழுத்தம் ஏறி, பெடலைத் தொடாமலேயே கிளட்ச் அரைகுறையாக விடுபட்டு வழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேட் கருகும். கிளட்ச் பிடிக்கும் இடம் தாழ்ந்ததற்குக் காற்றோ கசிவோ காரணமாக இருந்தால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இடைவெளி என்று கேட்டால், பிரேக் ஃப்ளூயிடுக்குப் பல நிறுவனங்கள் சொல்லும் இரண்டு வருஷத்தையே கிளட்சுக்கும் வையுங்கள். டிராக்கில் ஓடும் கார் என்றால் வருஷா வருஷம். பொது டப்பா உள்ள காரில் பிரேக் ஃப்ளூயிட் மாற்றக் கொடுக்கும்போது, கிளட்ச் நிப்பிளையும் திறப்பார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாலு சக்கரத்தில் எடுத்து முடித்து, டப்பாவில் புதியது மின்னுவதைக் காட்டி அனுப்பிவிடுவது சர்வ சாதாரணம். மாற்றத் தேவையே இல்லை என்று உங்களிடம் சொன்ன மெக்கானிக்கும் டப்பாவைத்தான் பார்த்திருப்பார்.

எடுத்த பழையதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். பழைய எஞ்சின் ஆயிலோடும் கலக்காமல், தனிப் பாட்டிலில், மேலே எழுதி, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். பாட்டிலில் மிஞ்சிய புதியதை அடுத்த தடவைக்கு என்று வருஷக்கணக்கில் வைப்பதும் வேண்டாம், திறந்த பாட்டில் ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

மாற்றிய பிறகு ஒரு மாதத்தில் மறுபடி நிப்பிளிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். லேசாக மங்கியிருந்தால் உள்ளே ஒட்டியிருந்த பழைய அழுக்கு கரைந்தது, இன்னொரு 100 மில்லி தள்ளினால் போதும். அதற்குள் திரும்பக் கறுத்து, துகளும் வந்திருந்தால் ஸ்லேவின் சீல் கரைந்துகொண்டிருக்கிறது. எத்தனை தடவை ஃப்ளூயிட் மாற்றினாலும் நிற்காது. வெளியே மாட்டிய ஸ்லேவ் என்றால் ஒரு மதியப் பொழுதில் மாற்றிவிடலாம். பெல் ஹவுசிங்குக்குள் இருப்பது என்றால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும், பாகத்தின் விலையை விட அந்தக் கூலிதான் பெரிது. அப்படி இறக்கினால் கிளட்ச் பிளேட்டின் கனத்தையும் அளந்து, தேய்ந்திருந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். கிளட்சுக்காக இறக்கினாலும் அப்படித்தான், பழைய ஸ்லேவைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். புது பிளேட் போட்டதும் ஸ்லேவ் பிஸ்டன் இன்னும் முன்னால் வந்து நிற்கும், அதனால் டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கும். அந்த ஒரு தடவை ஊற்றி நிரப்புவதில் தப்பில்லை.